முறம் மார்க் யாருடையது என்று செயலாளருக்குத் தெரியும்

செயலாளரே, நீங்கள் பொய் சொன்னீர்கள். சங்கத்தின் லெட்டர்பேடில், சங்கத்தின் சீலை வைத்து, உங்கள் கையெழுத்தைப் போட்டுப் பொய் சொன்னீர்கள். எந்த உறுப்பினர் எந்த மார்க்கைப் பயன்படுத்தினார் என்பது பற்றிச் சங்கத்துக்குத் தகவல் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என் கோடவுனில், என் மேசைக்கு முன்னால் நின்று, முறம் மார்க் தகரத்தை இரண்டு கையாலும் என்னிடமிருந்து வாங்கியவர் நீங்கள். அது உங்களுக்கு மறந்துவிட்டது என்றால் உங்கள் வீட்டு வாசலும் உங்களுக்கு மறந்திருக்க வேண்டும்.

உங்கள் பெயரை நான் எழுதப் போவதில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் மலைச்சரக்கு வியாபாரம் செய்கிறவர்களுக்கு நீங்கள் யார் என்று தெரியும். மற்றவர்களுக்கு நடந்தது தெரிந்தால் போதும். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. விருதுநகரில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தேன், கல்யாணமாகி இங்கே வந்தேன், அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பில்தான். ஆனால் தமிழில்தான் எழுதுவேன். நீங்களும் வீட்டில் தமிழ் பேசுகிற ஆள்தான். புரியவில்லை என்று சொல்ல முடியாது.

ஜூ டவுனில், அதாவது பழைய யூதர் தெருவில், சுற்றுலாக்காரர்கள் பித்தளை விளக்கும் பழைய கதவும் வாங்குகிற கடைகளைத் தாண்டிப் பின்பக்கச் சந்துக்குள் வந்தால் எங்கள் கோடவுன். என் வீட்டுக்காரரின் குடும்பம் நான் வருவதற்கு முன்பே அங்கே சுக்கு வியாபாரம் செய்துகொண்டிருந்தது. மலையிலிருந்து தோல் சீவிக் காயவைத்த இஞ்சி வரும். அதை மறுபடி வெயிலில் போட்டு, முறத்தில் புடைத்து, நார் அதிகமானதைத் தள்ளி, தரம் பிரித்து, சாக்கில் கட்டி மும்பைக்கும் டெல்லிக்கும் அனுப்புவோம். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு எல்லாவற்றையும் நான்தான் பார்க்கிறேன்.

சாக்குக்கு மேலே மார்க் அடிப்பது இங்கே எல்லோரும் செய்வது. எங்கள் மார்க் முறம். ஒரு தகரத்தில் முறத்தின் வடிவம் வெட்டியிருக்கும், நடுவில் மூன்று கோடு. தகரத்தைச் சாக்கின்மேல் வைத்து, கறுப்புப் பெயின்டில் பிரஷை முக்கி ஒரு இழுப்பு இழுத்தால் சாக்கில் முறம் விழும். எழுத்து எதுவும் கிடையாது. மூட்டை தூக்குகிறவர் மலையாளம் படிப்பார், வாங்குகிறவர் குஜராத்தி படிப்பார், விற்கிற நான் தமிழ் படிப்பேன். முறத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

இந்த பஜாரின் பழக்கம் ஒன்றை வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும், அது தெரியாவிட்டால் எனக்கு நடந்தது புரியாது. மார்க் சாக்கில் இருக்கும். பில்லில் இருக்காது. பில்லில் 'சுக்கு, முதல் தரம், இத்தனை மூட்டை', அவ்வளவுதான். நான் வந்த புதிதில், படித்தவள் என்ற திமிரில், ஒரு பில்லில் 'முறம் மார்க்' என்று எழுதிவிட்டேன். வீட்டுக்காரர் அதை வாங்கிக் கிழித்துப் போட்டார்.

"எதுக்குக் கிழிக்கிறீங்க? நம்ம மார்க்தானே?"

"வாங்குறவன் சாக்கைப் பாத்துத்தான் வாங்குறான். கையை உள்ள விட்டு ஒரு துண்டு ஒடிச்சு மோந்து பாத்துத்தான் வாங்குறான். பேப்பர்ல எழுதிக் குடுத்தா, உனக்குப் பாக்கத் தெரியாது, படிச்சுத் தெரிஞ்சுக்கோன்னு சொல்ற மாதிரி. அவனை அவமானப்படுத்தாதே."

அதற்குப் பிறகு நான் எழுதவில்லை. இந்தச் சந்தில் யாருமே எழுதியதில்லை. நீங்களும் எழுதியதில்லை, செயலாளரே. நீங்கள் விற்கிற மஞ்சளின் மூட்டைமேல் இருக்கிற மார்க் உங்கள் பழைய பில் ஒன்றிலாவது இருக்கிறதா என்று இன்றைக்குப் போய்ப் பாருங்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒருவருடைய சரக்கு கெட்டுப் போய் அவருடைய மார்க்குக்கு வெளியூரில் கெட்ட பேர் வந்துவிட்டால், வேறொரு வியாபாரி தன் தகரத்தை ஒரு சீசனுக்கு அவருக்குக் கொடுப்பார். கொடுக்கிறவர் முதலில் சரக்கைப் பார்ப்பார். தேறினால்தான் தகரம். இதற்குக் காகிதம் கிடையாது, காசும் கிடையாது. கேட்டால் கேவலம். ஆனால் தகரத்தை நேராகக் கொடுக்கவும் மாட்டோம். சங்கத்துப் பொறுப்பில் இருக்கும் ஒருவர் கூட வர வேண்டும். அவர் கையில் கொடுப்போம், அவர் வாங்கி அவர் கையால் அந்த ஆளிடம் கொடுப்பார். நடுவில் நிற்கிற அந்த ஆள்தான் எங்களுக்கு ரசீது. பத்திரம் எழுதிப் பதிவு பண்ணுகிற இடத்தில் நாங்கள் ஒரு மனுஷனை நிறுத்தினோம்.

அந்த மனுஷனாக நீங்கள் வந்து நின்றீர்கள்.

அந்த வருடம் வேலியேற்றத்தில், கடல் பொங்குகிற நாளில், காயல் தண்ணீர் சந்துக்குள் ஏறியது. வருடா வருடம் ஏறுவதுதான். ஆனால் அந்தத் தடவை பக்கத்துக் கோடவுனில் அடி வரிசை மூட்டைகள் முழுக்க நனைந்தன. அந்தக் கோடவுன்காரர் அவசரப்பட்டு, சரியாகக் காய வைக்காமல் மும்பைக்கு ஏற்றினார். அங்கே சாக்கைப் பிரித்தபோது பூசணம். லோடு திரும்பி வந்தது. அவருடைய மார்க்கைப் பார்த்தாலே வேண்டாம் என்றார்கள். ஒரு பத்து நாள் கழித்து, காலை பத்து மணி இருக்கும், நீங்கள் அவரைக் கூட்டிக்கொண்டு என் கோடவுனுக்கு வந்தீர்கள்.

"அக்கா, சாயா உண்டா?"

"பால் தீந்துடுச்சு. கட்டன்தான்."

"கட்டனே போதும். வந்த காரியமும் கட்டன் மாதிரிதான். கொஞ்சம் கசக்கும்."

அவர் உங்களுக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

"இவன் நெலமை தெரியுமில்லே அக்கா. ஒரு சீசனுக்கு உங்க தகரத்தைக் குடுத்தா பொழச்சுக்குவான்."

"பூசணம் புடிச்ச சுக்குக்கு என் முறமா? நல்லா இருக்கு நியாயம்."

"அக்கா, இது புது சரக்கு. வந்து மோந்து பாருங்க," என்றார் அவர். "மோசம்னா நானே திரும்பிப் போயிடறேன்."

போய்ப் பார்த்தேன். ஐந்து சாக்கில் கையை விட்டுப் பத்துத் துண்டு ஒடித்தேன். சரக்கு நன்றாகத்தான் இருந்தது. திரும்பி வந்து சுவரிலிருந்து தகரத்தை எடுத்தேன். எங்களிடம் இருபது வருடமாக மூட்டை தூக்குகிற தொழிலாளி வாசலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"சேச்சி, குடுக்கறது சரி. ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, கேட்டோ," என்றார்.

நீங்கள் சிரித்தீர்கள். "எந்தா சேட்டா, இதென்ன கல்யாணமா போட்டோ எடுக்க? நான் இல்லியா இங்கே?"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். நீங்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தகரத்தை வாங்கினீர்கள். திரும்பி அவரிடம் கொடுத்தீர்கள். விரலில் ஒட்டிய கறுப்பை என் சாக்கில்தான் துடைத்தீர்கள்.

சீசன் முடிந்ததும் அவர் தகரத்தைத் திருப்பிக் கொடுத்தார். கூடவே ஒரு பெட்டி கோழிக்கோடு அல்வா. என் மகள் அதை இரண்டு நாளில் காலி பண்ணினாள். எனக்கு அத்தோடு முடிந்தது. அந்த ஒரு சீசனில் அவர் என்ன எழுதி வைத்தார் என்பது எனக்குத் தெரியாது. தெரிய வந்தபோது ரொம்பத் தாமதம்.

அதற்கு அடுத்த வருடமோ என்னவோ, நம் சங்கத்து ஹாலில் ஒரு முகாம் நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? அதுவாவது இருக்கும், நன்றியுரை நீங்கள்தான். டிரேட் மார்க் பற்றிப் பேச ஒரு அதிகாரி வந்தார். நாடு வளர்கிறது, சந்தை பெரிதாகிறது, சின்ன வியாபாரிகள் தங்கள் பிராண்டைப் பதிந்து வைக்க வேண்டும் என்றார். எல்லாம் கம்ப்யூட்டரில்தான், ஆபீஸுக்கு அலைய வேண்டாம், சிறு நிறுவனங்களுக்குப் பாதிக் கட்டணம் என்றார். நான் எழுந்து கேட்டேன்.

"எங்க மார்க்குக்கு எழுத்தே கெடையாது சார். வெறும் படம்."

"படத்தையும் பதியலாம் மேடம்."

"முறத்தை எவன் சார் திருடுவான்?" என்றேன். ஹாலே சிரித்தது. நான் பரிப்புவடையைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அது என் முட்டாள்தனம். யார் மேலும் பழி போடவில்லை. ஆனால் பக்கத்துக் கோடவுன்காரர் சிரிக்கவில்லை. முன் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார். நோட்டுப் புத்தகத்தோடு வந்த ஒரே ஆள் அவர்தான். நான் அதைப் பார்த்தேன், நல்ல பிள்ளை, முன்னுக்கு வருவார் என்று நினைத்தேன். வந்தார்.

இதற்குள் என் மகள் படிப்பை முடித்துவிட்டுக் கோடவுனுக்கு வந்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். மலையாளமும் இங்கிலீஷும் சரளம். மூட்டையாக விற்றுக்கொண்டே இருந்தால் எப்போது முன்னேறுவது என்று, சுக்குப் பொடி, சுக்குமல்லிப் பொடி என்று சின்னப் பாக்கெட் போட்டு ஆன்லைனில் விற்க ஆரம்பித்தாள். பாக்கெட்டின் மேல் முறத்தைப் போட்டாள். கோயம்புத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆர்டர் வந்தது. வாங்கியவர்கள் நல்லபடியாக எழுதினார்கள். இரண்டு பெண்களை வேலைக்கு வைத்தோம்.

ஒரு காலையில் அவள் போனைப் பார்த்துக்கொண்டே என் முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, நம்ம பேஜைக் காணோம்."

"நெட் இருக்காது. பாரு."

"நெட் உண்டு. நம்ம ஐட்டம் எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. மெயில் வந்திருக்கு. வேறொருத்தரோட டிரேட் மார்க்கை நாம உபயோகிக்கிறோமாம்."

"எந்த டிரேட் மார்க்?"

"முறம்."

எனக்கு முதலில் கோபம் வரவில்லை. யாரோ தவறாக அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அவள் பதிவு அலுவலகத்தின் தளத்தில் தேடிக் காட்டினாள். அங்கே முறம் இருந்தது. நடுவில் மூன்று கோடு. என் தகரத்தின் ஓரத்தில் வலது பக்கம் ஒரு சின்ன வளைவு உண்டு, வெட்டியவருக்குக் கை சறுக்கிய இடம். அந்த வளைவு உட்படப் பதிந்து வைத்திருந்தார்கள். சொந்தக்காரர், பக்கத்துக் கோடவுன்காரரின் கம்பெனி. எந்த நாளிலிருந்து உபயோகம் என்று கேட்ட இடத்தில் ஒரு தேதி இருந்தது. நான் தகரத்தைக் கொடுத்த அந்த மாதம்.

ஆன்லைன் கடைக்காரர்களுக்குப் பதிவுச் சான்றிதழ் ஒன்று போதும். அதை வைத்திருக்கிறவர் புகார் கொடுத்தால் எடுத்துவிடுவார்கள். அந்தப் பக்கம் யார் இருக்கிறார், எத்தனை வருடமாக விற்கிறார் என்று கேட்க ஆள் கிடையாது. மகள் எழுதினாள். 'நீங்கள் உரிமையாளரோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்று பதில் வந்தது. உரிமையாளராம். அந்த வார்த்தையைப் படித்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை.

பேசப் போனேன். அவர் இப்போது சந்தில் உட்காருவதில்லை. இடப்பள்ளியில் பெரிய மாலில் கடை. ஏசி. கண்ணாடி. சுக்கு, மிளகு, ஏலம் எல்லாம் மர டப்பாவில். வாசலில் ஆள் உயரத்துக்குத் தங்க நிறத்தில் முறம். அந்த வளைவை மட்டும் சரி பண்ணியிருந்தார்கள்.

"வாங்க அக்கா, வாங்க. ஜூஸ் சாப்பிடறீங்களா?"

"என் முறத்தை எறக்கி வை. அப்புறம் ஜூஸ் குடிக்கலாம்."

அவர் குரலைத் தாழ்த்தினார். கடையில் ஆட்கள் இருந்தார்கள். "அக்கா, இது பிசினஸ். நீங்க பதியலே, நான் பதிஞ்சேன். நான் பதியலேன்னா வேற எவனாவது வெளியூர்க்காரன் பதிஞ்சிருப்பான். அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் இல்லாமப் போயிருக்கும்."

"நம்ம ரெண்டு பேருக்கா? எப்படா அது உனக்கும் ஆச்சு?"

"நானும் அதுலே சரக்கு அனுப்பியிருக்கேனே. பில் இருக்கு."

"நான் குடுத்த தகரத்துல அனுப்பின."

"அக்கா, பழசெல்லாம் எதுக்கு? நீங்க தாராளமா உபயோகிச்சுக்கோங்க. நான் தடுக்கலே. புகாரையும் வாபஸ் வாங்கிடறேன். ஒரு லெட்டர் மட்டும் தாங்க. என் அனுமதியோட உபயோகிக்கறதா ஒரு லெட்டர். வக்கீல் டைப் பண்ணி வெச்சிருக்கார், ஒரு ஒப்பு போட்டா போதும்."

டைப் பண்ணி வைத்திருந்தார். மேசை டிராயரிலிருந்து எடுத்துக் காட்டினார். நான் வருவேன் என்று தெரிந்து தயாராக இருந்திருக்கிறார். என் வீட்டுக்காரரின் தகப்பனார் காலத்திலிருந்து எங்கள் சாக்கில் இருக்கிற மார்க்கை, இவருடைய அனுமதியோடு நான் உபயோகிப்பதாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு காகிதம் கையில் கிடைத்தால் அதற்குப் பிறகு எந்தக் காலத்திலும் நான் வாயைத் திறக்க முடியாது. நான் காகிதத்தை அவர் கையிலேயே திணித்துவிட்டு வந்துவிட்டேன். திட்டினேன். என்ன திட்டினேன் என்று எழுத மாட்டேன், விருதுநகர்த் தமிழில் திட்டினேன், அவ்வளவுதான்.

எறணாகுளத்தில் இந்த வேலை மட்டும் பார்க்கிற ஒரு வக்கீல் பெண்ணிடம் போனோம். மகளைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள். நல்ல பெண், பூசி மெழுகாமல் பேசினாள். விண்ணப்பம் வாராவாரம் வெளியாகிற ஜர்னலில் வந்திருக்கிறது, வந்த நாளிலிருந்து நாலு மாதத்துக்குள் யாரும் ஆட்சேபிக்கவில்லை, அதனால் பதிவாகிவிட்டது என்றாள்.

"யாரும் என்கிட்ட சொல்லலையே."

"சொல்ல மாட்டாங்க அக்கா. நாமதான் பாக்கணும்."

"நான் சுக்கைப் பாப்பேனா, ஜர்னலைப் பாப்பேனா?"

"பெரிய கம்பெனிக்கெல்லாம் அதைப் பாக்கவே ஆள் உண்டு," என்றாள். பிறகு சட்டப் புத்தகத்தைப் பிரித்து ஒரு இடத்தில் விரலை வைத்தாள். பதிந்தவரே ஆனாலும், அவருக்கு முன்பிருந்து தொடர்ந்து உபயோகிக்கிறவரைத் தடுக்க முடியாது. அந்தப் பதிவையே நீக்கச் சொல்லியும் கேட்கலாம். முன்பெல்லாம் இதற்கென்று தனியாக ஒரு மேல்முறையீட்டு வாரியம் இருந்ததாம், அதைக் கலைத்துவிட்டார்களாம். இப்போது பதிவு அலுவலகத்திலோ ஹைகோர்ட்டிலோதான் கேட்க வேண்டும். சென்னை அலுவலகத்தில் மனு போடுவோம், விசாரணைக்குப் போக வேண்டியதில்லை, கம்ப்யூட்டரில் பேசலாம் என்றாள்.

எனக்குத் தெம்பு வந்தது. "அப்ப சட்டம் நம்ம பக்கம்."

"சட்டம் நம்ம பக்கம்தான். ஆதாரம் வேணும். அந்தத் தேதிக்கு முந்தின பில் ஒண்ணு, முறம்னு எழுதினது. ஒண்ணு போதாது, அஞ்சாறு இருந்தா நல்லது."

நானும் மகளும் மூன்று நாள் பழைய கட்டுகளைப் பிரித்தோம். கரையான் தின்றது போக இருபது வருட பில் இருந்தது. சுக்கு, முதல் தரம். சுக்கு, இரண்டாம் தரம். ஒரு காகிதத்திலும் முறம் இல்லை. எழுதிய ஒரே பில்லை வீட்டுக்காரர் கிழித்துவிட்டார். பழைய சாக்கு ஒன்றும் இல்லை, காலிச் சாக்கை வைத்துக்கொண்டு யார் என்ன பண்ணுவார்கள்? தகரத்தைக் கொண்டு போய் வக்கீல் மேசையில் வைத்தேன். பெயின்ட் ஏறி ஏறி ஓரமெல்லாம் விரல் கனம் தடித்திருந்தது.

"இதுல தேதி இல்லையே அக்கா."

"பெயின்ட்டைப் பாரு. எத்தனை வருசத்துப் பெயின்ட்."

"கோர்ட்டுக்குக் கண்ணும் கெடையாது மூக்கும் கெடையாது. பேப்பர் மட்டும்தான்."

பதிவு கேட்டபோது எதிர்த் தரப்பு தாக்கல் செய்திருந்ததையும் காட்டினாள். ஜிஎஸ்டி வந்த பிறகு அவர் கம்ப்யூட்டரில் பில் போட ஆரம்பித்திருக்கிறார். அந்த சாஃப்ட்வேரில் பிராண்ட் என்று ஒரு கட்டம். மற்றவர்கள் காலியாக விடுகிற கட்டம். அந்த ஒரு சீசனில் அவர் அனுப்பிய எல்லாப் பில்லிலும் அந்தக் கட்டத்தில் 'முறம்' என்று இருந்தது. இரவல் வாங்கியவர் எழுதி வைத்திருக்கிறார். கொடுத்தவள் எழுதவில்லை. இந்த பஜாரிலேயே முறம் என்று அச்சடித்த காகிதம் அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பில்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒவ்வொரு பில்லும் நான் ஒடித்து மோந்து பார்த்துச் சரி என்று சொன்ன சரக்கு.

"சாட்சி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள் வக்கீல்.

மூட்டை தூக்குகிறவர் உடனே வந்து சாட்சிக் காகிதத்தில் ஒப்புப் போட்டார். ஆனால் அவர் என்னிடம் கூலி வாங்குகிறவர், எடை குறைவு என்றாள். மும்பைக்காரர்களிடம் கேட்டோம். பழைய ஆள் போய்விட்டார், மகன் எங்களுக்கு எதற்கு வம்பு என்றான். "சங்கத்துல கேளுங்க அக்கா. வியாபாரிகள் சங்கத்துச் சர்டிபிகேட்டுக்கு மதிப்பு உண்டு. சொந்த லாபம் இல்லாத சாட்சி அது." எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு சுலபமா என்று. நடுவில் நின்ற ஆள் இருக்கிறாரே. எங்கள் ரசீது நாலு கடை தள்ளி உட்கார்ந்திருக்கிறதே.

மகள் மனு எழுதி உங்களிடம் கொடுத்தாள். பதில் மூன்று வாரம் வரவில்லை. வந்த பதிலைத்தான் இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்னேன். சங்கத்தில் மார்க்குகளுக்குப் பதிவேடு இல்லை. தகவல் இல்லை. பதிவேடு இல்லை என்பது உண்மைதான். இங்கே எந்தக் காலத்தில் இருந்தது? அந்த உண்மையை முன்னால் நிறுத்தி அதற்குப் பின்னால் நீங்கள் ஒளிந்துகொண்டீர்கள். அதோடு விடவில்லை. கடிதத்தின் நகல் ஒன்றை அவருக்கும் அனுப்பினீர்கள். நாங்கள் சென்னையில் போட்ட மனுவுக்கு எதிராக அவர் அதையே தன் ஆதாரமாகத் தாக்கல் செய்துவிட்டார். வியாபாரிகள் சங்கமே சொல்கிறது, முறம் இந்தப் பெண்மணியுடையது என்பதற்கு எந்தத் தகவலும் இல்லை என்று.

உங்கள் கடைக்கு வந்தேன். மஞ்சள் பாக்கெட்டுகளை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். மேலே இடப்பள்ளிக் கடையின் லேபிள். எனக்கு அங்கேயே பாதி விளங்கிவிட்டது.

"உக்காருங்க அக்கா."

"உக்கார வரலே. தகரத்தை வாங்கினீங்களா இல்லையா?"

"எத்தனையோ பேர் எத்தனையோ தடவை தகரம் மாத்தியிருக்காங்க. நான் எத்தனைக்குத்தான் நின்னிருக்கேன். எனக்கு ஓர்மை இல்ல அக்கா."

"கட்டன் குடிச்சது ஓர்மை இருக்கா?"

"அக்கா, நீங்க சும்மா சத்தம் போடறீங்க. ரெண்டு மெம்பருக்கு நடுவுல பிரச்சினை. சங்கம் ஒரு பக்கம் சாய முடியுமா? நாங்க நியூட்ரல்."

"நடுவுல நிக்கத்தானே அன்னிக்கு வந்தீங்க. இப்ப ஏன் ஓடறீங்க?"

"அவன் வளந்துட்டான் அக்கா. நம்ம பத்துப் பதினஞ்சு பேரோட சரக்கு இப்ப அவன் கடையிலதான் போகுது. உங்க ஒரு முறத்துக்காக அத்தனை பேர் வயித்துலே அடிக்கச் சொல்றீங்களா?"

ஓர்மை இல்லாத ஆளுக்கு இத்தனை காரணம் எதற்கு? மறந்தவன் மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பான். அந்த ஒரு பேச்சில் நீங்கள் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டீர்கள். பக்கத்தில் சாட்சிக்கு யாரும் இல்லை என்ற தைரியம்.

அந்தப் பத்துப் பதினைந்து பேரும் எனக்குத் தெரிந்தவர்கள்தான். சாயாக் கடையில் என்னைப் பார்த்தால் போனை எடுத்துப் பார்க்கிறார்கள். ஒருவர் மட்டும் தனியாக வந்து சொன்னார், "அக்கா, எங்களுக்கெல்லாம் தெரியும். ஆனா செக்ரட்டரி பறஞ்சதுக்கு மேல நாங்க எப்படி?" இன்றைக்கு முறம். நாளைக்கு அவர் உங்கள் மஞ்சளின் மார்க்கைக் கண் வைத்தால் என்ன செய்வீர்கள்? உங்கள் பில்லிலும் எதுவும் இல்லை. உங்களுக்கு யார் வந்து நடுவில் நிற்பார்கள்?

சட்டம் மாறட்டும், வேகமாகட்டும், கம்ப்யூட்டரில் வரட்டும். நாலு மாதக் கெடு வைக்கட்டும். இனிமேல் எல்லோரும் பதிந்து வையுங்கள், நானே வீடு வீடாக வந்து சொல்கிறேன். அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் பதியாமல் இவ்வளவு காலம் நாம் வியாபாரம் செய்தது எதை நம்பி? சாக்கையும் சங்கத்து ஆளின் வாயையும் நம்பி. காகிதம் கேட்கிற சட்டம்கூட, காகிதம் இல்லாவிட்டால் நம்பிக்கையான ஒரு ஆள் வந்து சொல்லட்டும், கேட்கிறேன் என்கிறது. அது விட்ட அந்த ஒரு கதவை நீங்கள் சாத்தினீர்கள். பதிந்தவர் திருடினார் என்றால், திருடும்போது வாசலில் நின்றவர் நீங்கள்.

விசாரணைத் தேதி வந்துவிட்டது. அதில் தோற்றால் என் மூட்டையிலும் பாக்கெட்டிலும் முறத்தை அழிக்க வேண்டும், இல்லையென்றால் டிராயரில் காத்திருக்கிற அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பாக்கெட் வேலை பார்த்த இரண்டு பெண்களில் ஒருத்தியை ஏற்கெனவே நிறுத்திவிட்டோம். வேறு பெயர் வைத்துக்கொள்ளலாமே என்று மகள் ஒருநாள் கேட்டாள். அவள் சோர்ந்துவிட்டாள். நான் சோரவில்லை.

விசாரணைக்கு ஒரு வாரம் முன்னால் நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழு கூடப் போகிறது. ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கொடுத்திருந்தேன். நிகழ்ச்சி நிரலில் இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள். அதனால்தான் இங்கே அச்சில் கேட்கிறேன்.

செயலாளரே, எனக்குத் தனியாகப் பதில் வேண்டாம். கடைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்துச் சமாதானம் சொல்ல வேண்டாம். நியூட்ரல் என்ற வார்த்தையும் வேண்டாம். பொதுக்குழுவில், எல்லா உறுப்பினர்களும் உட்கார்ந்திருக்கும்போது, அவரையும் முன் வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு, மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள். அந்தக் காலையில் நீங்கள் யாருடைய கையிலிருந்து தகரத்தை வாங்கினீர்கள்? யாருடைய கையில் கொடுத்தீர்கள்? அந்தத் தகரத்தில் வெட்டியிருந்தது என்ன? சொல்லிவிட்டு, சொன்னதை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதி, தேதி போட்டு, உங்கள் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள். நான் நடு வரிசையில் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் பதில் சொல்லும்வரை ஹாலை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.